எம்ரிஸின் ஒரே பொய்

எங்கள் ஆய்வு நிலையத்தில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் எம்ரிஸ். வேல்ஸ்காரன், குழாய் வேலை பார்ப்பவன், வயது ஐம்பத்தொன்று. அண்டார்டிகாவில் இது அவனுக்கு மூன்றாவது குளிர்காலம். சனிக்கிழமைதோறும் நானூறு மைல் தள்ளியிருக்கும் இன்னொரு நிலையத்தோடு ரேடியோ வழியாக டார்ட்ஸ் ஆடுவோம், பலகையில் குறிபார்த்துச் சின்ன அம்பு எறிகிற ஆட்டம். எறிவது யார் கண்ணுக்கும் தெரியாது. வாயால் சொல்கிற புள்ளிதான் கணக்கு. எம்ரிஸ் குறி தவறினால் தவறியது என்றே சொல்லித் தொலைப்பான். ஒரு ஆட்டம்கூட நாங்கள் ஜெயித்ததில்லை.

"யோவ், அவனுங்க மட்டும் யோக்கியமா எறியிறானுங்களா?" என்று கத்துவேன்.

"அது அவனுங்க பாடு. நீ போய் சூப்பைப் பாரு பெர்சி, அடிப்பிடிக்குது" என்பான். நான்தான் சமையல்காரன்.

ஜூன் இருபத்தொன்று எங்களுக்கு நடுக்குளிர்கால விருந்து. ஒரு மாதம் முன்பே சீட்டுக் குலுக்கி, யார் யாருக்குப் பரிசு செய்வது என்று எடுத்துக்கொள்வோம். கையால் செய்ததாக இருக்க வேண்டும், விருந்துவரை ரகசியம். அந்த மாதம் யாரையும் 'எங்கே போனாய்' என்று கேட்பது மரியாதை இல்லை.

வாசலில் ஆளுக்கொரு தகடு தொங்கும் பலகை உண்டு. பச்சை தெரிந்தால் ஆள் உள்ளே, சிவப்பு தெரிந்தால் வெளியே. விருந்துக்கு நான்கு நாள் முன்பு, மதியச் சாப்பாடு முடிந்து அந்தப் பக்கம் போனேன். எம்ரிஸின் தகடு சிவப்பு. பரிசு செய்யத் தச்சுக் கொட்டகைக்குத்தான் போயிருக்கிறான். வழிக்கயிற்றைப் பிடித்து நடந்தால் இருநூறு அடி. அட மடையா, இப்படியா ஊருக்கே காட்டிக்கொடுப்பாய் என்று சிரித்துக்கொண்டே பச்சைக்குத் திருப்பிவிட்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று மணிக்குப் பனிப்புயல் பிடித்தது. நிலையத் தலைவி ஹில்டா பலகையைப் பார்த்து, "பத்தும் பச்சை. இனி யாரும் வெளிய போகாதீங்க" என்றார். நான் கேக்குக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

நாலு மணித் தேநீருக்கு அவன் நாற்காலி காலி. "எங்கயாவது ஒளிஞ்சு பரிசு செய்யறான், விடுங்கப்பா" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தட்டு எடுக்கப் போகும்போதுதான் காலணி அடுக்கு கண்ணில் பட்டது. அவன் காலணி அங்கே இல்லை.

"ஹில்டா, எம்ரிஸ் வெளிய இருக்கான்!"

"பச்சைதானே இருக்கு?"

"நான்தான் திருப்பினேன்."

ஹில்டா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார்.

காற்று வழிக்கயிற்றைக் கம்பத்தோடு பிடுங்கியிருந்தது. என் சமையலறை ஜன்னலிலிருந்து நாற்பது அடியில், எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தான். உயிர் இருந்தது. வலக்கையில் இரண்டு விரல் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

விருந்தன்று, கட்டுப்போட்ட கையால் ஒரு பொட்டலத்தை என் பக்கம் தள்ளினான். பிரித்தேன். மாவு தேய்க்கும் கட்டை, வழவழவென்று இழைத்தது. கைப்பிடியில் என் பெயர்.

"எம்ரிஸ், நான்தான் உன் தகட்டை..."

"தெரியும்யா. பெரிய கையுறைய மறந்துட்டுத் திரும்பி வந்தேன். நீ திருப்புறதக் கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தேன்."

"பாத்தியா? பாத்துட்டுமா சும்மா போன?"

"உள்ள வந்தா, பரிசு உனக்குத்தான்னு என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவ. கையுறை இல்லாட்டிப் போவுதுன்னு போயிட்டேன். பச்சையாவே இருக்கட்டும்னு விட்டேன்." சிரிக்கப் பார்த்தான். "மூணு குளிர்காலத்துல ஒரே ஒரு பொய் பெர்சி. அதுவும் நீ சொன்னது, நான் தலையாட்டினேன்."