போர்ட்டில் ஜோலி

எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது சித்தப்பா மகளைக் கண்டாலே பிடிக்காது. அவள் ஒரு தப்பும் செய்தவளில்லை. அவள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கப்பல் தெரியும், அவ்வளவுதான்.

நாங்கள் பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தவர்கள். எஸ்டேட்டில் வேலை குறைந்துகொண்டே வந்தது. ஃபேக்டரி வாரத்துக்கு இரண்டு நாள் ஓடியது, பிறகு ஒரு நாள், பிறகு மெஷின்களுக்கு எண்ணெய் விட மட்டும் திறந்தார்கள். அந்த ஃபேக்டரியில் சித்தப்பாவைச் சேர்த்துவிட்டதே அப்பாதான். ஆனால் முதல் ஆளாக மலையிறங்கிப் போனவர் சித்தப்பா. விழிஞ்ஞத்தில் துறைமுகம் கட்டும் வேலை கிடைத்து, ஒரே வருஷத்தில் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டார். அப்பா போகவில்லை. "ஃபேக்டரி தொறந்துருவாங்க" என்று சொல்லிக்கொண்டு, பூட்டிய கதவைத் தினமும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவார். அம்மா கொழுந்து இருக்கிற நாளில் கொழுந்து கிள்ளவும், இல்லாத நாளில் பஞ்சாயத்து வேலைக்கு ரோட்டோரம் புல் வெட்டவும் போனாள்.

ஓணம் லீவுக்கு சித்தப்பா குடும்பம் லயத்துக்கு வந்திருந்தது. அவர் மகள், என்னைவிட ஒரு வயது சின்னவள், நடந்தால் குதிகாலில் விளக்கெரியும் ஷூ போட்டிருந்தாள். "எங்க அச்சனுக்கு போர்ட்ல ஜோலி" என்றாள். போகும்போது அப்பா என்றவள் திரும்பும்போது அச்சன் என்கிறாள்! அந்தச் சொல்கூட எனக்கு ஷூவைப் போலவே பளபளவென்று தெரிந்தது. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் பனி தெரியும். பனி விலகினால் எதிர் லயம் தெரியும். அதை அவளிடம் சொல்ல முடியுமா?

அவர்கள் போய்ச் சில வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, கணக்கெடுக்க ஒரு மலையாளத்துச் சேச்சி வந்தார். எந்த வீட்டில் யாருக்கு என்ன வேலை, யாருக்கு வேலை போய்விட்டது என்று எழுதிக்கொண்டு போக வந்தவர். லயத்துப் பெண்களின் தமிழ் அவருக்குப் பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிற என்னைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். வீடு வீடாகப் போனோம். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். தோட்ட வேலை, இப்போது இல்லை. சேச்சி தலை நிமிராமல் எழுதினார்.

சித்தப்பாவின் பூட்டிய வீட்டு முன்னால் வந்ததும், "இவங்க விழிஞ்ஞத்துல, போர்ட்ல ஜோலி" என்றேன்.

சேச்சி நிமிர்ந்தார். "ஓ, போர்ட்டிலோ! நல்ல காரியம்" என்று சிரித்தார். அதுவரை அவர் சிரித்தது அந்த ஒரு வீட்டுக்குத்தான்.

அடுத்தது எங்கள் வீடு. அப்பா ஃபேக்டரியைப் பார்க்கப் போயிருந்தார், அம்மா புல் வெட்டப் போயிருந்தாள்.

"மோளே, அச்சனு எந்தா ஜோலி?"

"போர்ட்ல" என்றேன்.

சேச்சி எனக்கும் ஒரு சிரிப்பு கொடுத்தார்.

ஒரு மாதம் போனது. வேலை இழந்த குடும்பங்களுக்கு அரிசியும் பயறும் எண்ணெயும் கொடுக்கிறார்கள் என்று ஜீப் ஒன்று லயத்துக்கு வந்தது. பெயர் கூப்பிடக் கூப்பிட ஆட்கள் போய்ச் சாக்கை வாங்கினார்கள். அம்மா கடைசி வரை நின்றாள். எங்கள் பெயர் வரவில்லை. கேட்டதற்கு, ஜீப்பில் வந்தவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவருக்கு போர்ட்டில் ஜோலியாணல்லோ" என்றார்.

யாரோ ஒரு அக்கா, "சொல்லாமலே போயிட்டு வாராரு போல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"எவ எழுதினா இத? எம் வீட்டுக்காரரு இந்தா நிக்காரு, போர்ட்டக் கண்ணால பாத்ததில்ல!"

அப்பா என்னைப் பார்த்தார். கணக்கெடுத்தவரோடு வீடு வீடாகப் போனது நான்தான் என்று லயத்துக்கே தெரியும். எனக்குக் காது சுட்டது. கால் விரலால் மண்ணைக் கிளறினேன். இப்போது சொல்லிவிடுவார், எல்லார் முன்னாலும் அடி விழும் என்று நினைத்தேன்.

"எழுதினது எழுதினபடி இருக்கட்டும் சாரே" என்றார் அப்பா. "போகத்தான் போறேன்."

வீட்டில் அம்மா அவரோடு சண்டை பிடித்தாள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் பாறைத் திருப்பத்துக்கு, அங்கேதான் மொபைலுக்கு ரேஞ்ச் கிடைக்கும், நடந்துபோய் சித்தப்பாவோடு பேசிவிட்டு வந்தார். அந்த வாரமே ஒரு பையோடு காலை பஸ் ஏறினார். அம்மா அழுதாள். எனக்கு, சொன்னால் வெட்கம், உள்ளுக்குள் ஒரே குதூகலம். என் பொய்யை அப்பா உண்மையாக்கிவிட்டார். பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்காமலே சொன்னேன், "எங்க அச்சனுக்கு போர்ட்ல ஜோலி."

முதல் தடவை லீவில் வந்தபோது அப்பா கறுத்து இளைத்திருந்தார். உள்ளங்கை தோலுரிந்திருந்தது. நான் மொபைலைப் பிடுங்கிப் படம் பார்த்தேன். கடலோரம் ஒரு கூட்டமாக நிற்கிறார்கள். முன்னால் சித்தப்பா, தலையில் பளிச்சென்று ஹெல்மெட் மாதிரி வெள்ளைத் தொப்பி. பின்வரிசை ஓரத்தில் அப்பா, தலையில் அழுக்கு மஞ்சள் தொப்பி. அடங்கியிருந்த பொறாமை எனக்குத் திரும்ப எரிந்தது. இங்கேயும் அவர்களுக்குத்தானா நல்லது?

"அப்பா, அடுத்த தடவ நீங்களும் சித்தப்பா மாதிரி வெள்ளத் தொப்பி கேட்டு வாங்கிக்கோங்க."

அம்மா சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பா சிரித்தார். "கேக்கேன் மக்கா" என்றார்.

வெள்ளை வேலை வாங்குகிறவர்களுக்கு, மஞ்சள் கம்பி சுமக்கிறவர்களுக்கு என்பது எனக்குத் தெரியாது. தினமும் காலையில் அப்பா தன் தம்பி முன்னால் வரிசையில் நின்று பெயர் கொடுத்தார் என்பதும் தெரியாது. அதனால் அதற்கடுத்து வந்த ஒவ்வொரு லீவிலும், அவர் பையை இறக்கி வைப்பதற்குள் ஓடிப்போய், கேட்டீங்களா, தந்தாங்களா என்று விடாமல் விசாரித்தேன்.