தவமலர் அக்கா எழுதிய ஒழுங்கு

தவமலர் அக்கா ஆஸ்பத்திரியில் செத்துப்போனார் என்று மச்சான் யோகன் வந்து சொன்னபோது, நான் படகு எஞ்சினைக் கழற்றிப் போட்டிருந்தேன். "விசர்க் கதை கதையாதை" என்றேன். அவன் வந்து பக்கத்தில் குந்தினான். அதன் பிறகுதான் நம்பினேன்.

அக்கா எங்கள் தீவில் இறுப்பிட்டி என்ற ஊர்க்காரி. தெற்கிலங்கையில் தகப்பனின் கடை மூடியபின் ஊருக்கு வந்து, எங்கள் மீனவர் சங்கத்துக் கணினியைப் பார்த்துக்கொண்டவர். விடியலில் அது காலநிலை அறிவிப்பை எடுத்து, துறை ஒலிபெருக்கியில் வாசிக்கும். அதைக் கேட்டுத்தான் படகுகள் இறங்கும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதை அவர் இப்படிச் சொன்னார்:

"கரண்ட் வந்த உடன மெசினுக்கு ஒண்டும் தெரியாது. உள்ளுக்கை ஒரு சின்னத் துண்டு அதைத் தட்டி எழுப்பும். பிறகு நான் எழுதி வைச்ச ஒழுங்கை வரிவரியா வாசிச்சு, ஒவ்வொரு வேலையா தொடங்கும்."

"என்னைப்போல. முகம் கழுவி, தேத்தண்ணி குடிச்சு, பிறகுதான் கதை."

"நீர் முகம் கழுவ முதலே கதைக்கிற ஆள்."

ஒருநாள் விடியலில் கரண்ட் போய் வந்தது. அந்த நேரத்தில் அதற்கு முன் போனதில்லை. எழுதிய ஒழுங்கில் ஒலிபெருக்கி முன்னுக்கு, இணைய இணைப்பு பின்னுக்கு. இணைப்பு வருமுன்னே கணினி முந்தின நாள் அறிவிப்பை எடுத்து, 'கடல் அமைதி' என்று வாசித்துவிட்டது. வானத்தைப் பார்த்த யோகனுக்குச் சந்தேகம். எனக்குப் போன் எடுத்துக் கேட்டான். நான் பாயில் கிடந்தபடி, "ஓம் ஓம், மெசின் பிழை விடாது, போ" என்றேன். வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காற்றில் அவன் படகு புரண்டது. வேறொரு படகு அவனைத் தூக்கி வந்தது. வலை முழுக்கப் போய்விட்டது.

மத்தியானம் அக்கா யோகன் வீட்டு வாசலில் நின்றார். கரண்டைக் குறை சொல்லவில்லை. "ஒழுங்கு எழுதினது நான். பிழை என்ர" என்றார். யோகனின் மனைவி என் தங்கச்சி. அவள் கதவைச் சாத்தவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அக்காவுக்குப் பின்னால் நின்ற நான் வாயே திறக்கவில்லை.

மெசினைத் தூக்கிக் கடலில் போடுங்கோ என்றார்கள் துறையில். அக்கா ஒழுங்கைத் திருப்பி எழுதினார். முதலில் நாளும் நேரமும் பார்க்க மணிக்கூடு, பிறகு இணைப்பு, பிறகு அன்றைய அறிவிப்பு, கடைசியில்தான் ஒலிபெருக்கி. அறிவிப்பு கிடைக்காவிட்டால் சொல்வதற்கு ஒரு வசனம். அதைப் பதிவு செய்ய என்னை மைக்குக்கு முன்னால் இருத்தினார்.

"'இண்டைக்குச் செய்தி கிடைக்கேல்லை. எனக்குத் தெரியாது.' சொல்லும்."

"ஏன் அக்கா நான்?"

"தெரியாது எண்டு நீர் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை. நீரே சொன்னால் சனம் நம்பும்."

நாலு தரம் சொல்லவைத்தார். மூன்று தரம் "ஆனா..." என்று ஏதோ சேர்த்துவிட்டேன்.

அது முதன்முதல் ஒலித்த அன்று துறையே சிரித்தது. ஆனால் ஒரு படகும் இறங்கவில்லை.

செத்த வீட்டில், கனடாவிலிருந்து அக்காவின் மகள் போனில் கேட்டாள்: "அம்மாக்குக் கடைசியில நோவு இருந்ததோ, மாமா? எல்லாரும் நித்திரை மாதிரித்தான் எண்டினம்."

பழைய ஆளென்றால் நானும் அதையே சொல்லி, மேலே இரண்டு சேர்த்திருப்பேன். அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு சொல்தான். "எனக்குத் தெரியாது பிள்ளை. நான் பக்கத்தில இருக்கேல்லை" என்றேன்.

"அப்ப தெரிஞ்சதைச் சொல்லுங்கோ" என்றாள்.

கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, அவளுடைய அம்மா யோகன் வீட்டு வாசலில் நின்றதைச் சொல்லத் தொடங்கினேன்.