நாலு வரியும் ஒரு காலிக் கட்டிலும்

போன வாரம் ஆயுள் சான்றுக்காக அரியலூர் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தேன். உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு நான் நேரில் வந்து நின்றது போதாதாம்; திரையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது ஒப்புக்கொள்ளவில்லை. 'சரியான மாவட்டத்தைத் தேர்வு செய்யவும்' என்று சிவப்பில் காட்டியது. ஓய்வூதிய ஆணை பெரம்பலூரில் போட்டது, வீடு அரியலூரில். அங்கிருந்த பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். எனக்கோ கோபம், அவள்மேல் அல்ல. அந்தச் சிவப்பு எழுத்து என் பழைய பகையாளி.

நடந்த கூத்து உங்களுக்கு நினைவிருக்கும். அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். பெயர்ப்பலகையில் பெயின்ட் வாசனை போவதற்குள் பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்தார்கள். 2007இல் மறுபடியும் பிரித்தார்கள். சேர்ந்திருந்த அந்த இடைக்காலத்தில் நான் பெரம்பலூரில் ஓர் அலுவலகத்தின் கண்காணிப்பாளர். மாணவியர் விடுதிகளில் இடம் ஒதுக்குவது எங்கள் வேலை. விதிமுறைகளை எண்ணோடு சொல்வேன். அதனால் டீக்குக் கூட என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

பெயின்ட் வாசனை என்றதும் கணினி அறை ஞாபகம் வருகிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே குளிரும் பிளாஸ்டிக் சூடும் கலந்த ஒரு வாசனை. அங்கே பர்வீன் இருந்தார். எம்.சி.ஏ. படித்த ஒப்பந்த ஊழியர், வாய்த்துடுக்கு அதிகம். இணையப் பக்கங்களுக்கான சின்னச் சின்ன நிரல்களை எழுதி ஒரு பிளாப்பியில் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்லப் பெயர். தேதியை நம் வழக்கப்படி நாள், மாதம் என்று மாற்றுவது ஒன்று. பெயருக்கு முன்னால் தட்டிவிட்ட வெற்றிடங்களை நீக்குவதற்கு 'வடிகட்டி' என்று பெயர். நம் மக்கள் எந்தப் பொத்தானையும் இரண்டு தடவை அமுக்காமல் விடமாட்டார்கள் அல்லவா, இரண்டாவது அமுக்கலைத் தடுப்பது 'தாழ்ப்பாள்'.

அந்த இடைக்காலத்தில் ஒரு வருடம், விடுதி விண்ணப்பத்தை இணையத்தில்தான் வாங்க வேண்டும் என்று தலைமையகம் சொல்லி, பக்கத்தையும் செய்து அனுப்பியது. கடைசி நாளன்று விக்கிரமங்கலத்திலிருந்து செல்வராணி என்ற பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். பெரம்பலூரில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. தினமும் பஸ் மாறிப் போய்வர முடியாது. அப்பா ஒளிக்காமல் சொன்னார்: "ஆஸ்டல் கெடைக்கலன்னா அவ மாமன் மவனுக்கே கட்டிக் குடுத்துருவேங்கய்யா."

அவளுடைய சாதிச் சான்றிதழ் அரியலூர் தனி மாவட்டமாக இருந்தபோது வாங்கியது. பக்கத்தின் பட்டியலில் அரியலூரே இல்லை. பெரம்பலூர் என்று போட்டால் சான்றிதழ் எண் பொருந்தவில்லை என்று சிவப்பு எழுத்து வந்தது. பழைய மாவட்டத்தின் சான்றிதழ் செல்லும் என்று தெளிவான ஆணை உண்டு. அதை எடுத்துக்கொண்டு கணினி அறைக்குப் போனேன்.

"உங்க ஃபைல்ல ஒரு வரி மாத்த எத்தன பேரு கையெழுத்து போடணும் சார்?" என்றார் பர்வீன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அரியலூர் எண் வந்தால் பெரம்பலூர் என்று எடுத்துக்கொள் என்று நாலு வரி தட்டினார். விண்ணப்பம் போயிற்று. "மாஷா அல்லா" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். செல்வராணி பொத்தானை மறுபடியும் அமுக்கினாள். தாழ்ப்பாள் தடுத்தது.

விடுதியில் இடமும் கிடைத்தது. அவள் டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். அந்த மாதம் முடிவதற்குள், அனுமதித்த பக்கமும் ஓடுகிற பக்கமும் வேறாக இருப்பதைத் தலைமையகம் கண்டுபிடித்தது. எங்கள் அதிகாரி நாலு வரியை அழிக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்தார். அவற்றின் வழியே வந்த ஒரே விண்ணப்பத்தையும் ரத்து செய்தார். ஆணையின் நகலை அவர் மேஜையில் வைத்தேன். பொறுமையாகப் படித்துவிட்டுச் சொன்னார்:

"விதி சரிதான் சார். ஆனா கம்ப்யூட்டர் ஏத்துக்கலையே."

நகலைத் திரும்ப எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தேன். மேல்முறையீடு எழுதிப்போட்டேன். பதில் வருவதற்குள் கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டது. மாப்பிள்ளைக்குத் திருமானூர். நான் போகவில்லை, எந்த முகத்தோடு சாப்பிட?

2007இல் மாவட்டம் மறுபடி பிரிந்தபோது இரண்டு ஊர்ச் சான்றிதழ்களும் கலந்து வந்து பக்கம் திணறியது. அதே அதிகாரி என் முன்னாலேயே பர்வீனுக்குப் போன் போட்டு, அந்த நாலு வரி கிடைக்குமா என்று குழைந்தார். ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தவரும் இவரேதான். பர்வீன் குரல் எனக்கே கேட்டது: "அழிக்கச் சொல்லி எழுத்துல குடுத்தீங்களே சார். அழிச்சுட்டேன்."

இன்று பிளாப்பி இல்லை, செருப்பைக் கழற்றும் அறை இல்லை. விடுதியை இடித்துவிட்டு வண்டி நிறுத்துகிறார்கள். அன்றைக்கு, இடம் நிரப்பும் காலக்கெடு முடிந்த பிறகு ரத்தானதால் செல்வராணியின் கட்டிலை வேறு யாருக்கும் தர விதியில்லை. அந்த வருடம் முழுவதும் அது மெத்தை சுருட்டிய வாக்கில் கிடந்தது. மாதாமாதம் தலைமையகத்துக்கு அறிக்கை போகும்: காலியிடம், ஒன்று. அதைக் கணினி ஒரு தடவைகூட மறுக்கவில்லை.