நவம்பர் மூன்றாம் தேதிப் படிவம்

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துச் சந்திரகலாவுக்கு வாய் நீளம். பென்ஷன்காரர்களைக் காக்கவைத்தால் மேலதிகாரியிடமே சண்டைக்குப் போவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு 2008 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரே ஒரு கேள்வி கேட்க நாக்கு எழவில்லை.

எதிரே நின்றவர் நெல்லித்தோப்பு கலியபெருமாள். ராணுவத்தில் இருபத்துநாலு வருடம் எழுத்து வேலை பார்த்த ஹவில்தார். மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகிறது. பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருப்பதாக வருடாவருடம் நவம்பரில் நேரில் வந்து கையெழுத்துப் போடும் படிவத்தை, இப்போதே நிரப்பி எடுத்து வந்திருந்தார்.

“இத வாங்கி வச்சிக்கம்மா. நவம்பர்ல வர மாட்டேன்.”

“எங்க சார் போறீங்க?”

“எங்கயும் போவல. எந்த வேலையும் பாக்கி வைக்கக் கூடாதுன்னு பாக்கறேன். நாயக்கூட பக்கத்து வீட்ல குடுத்துட்டேன்.”

அவள் படிவத்தை வாங்கிக்கொண்டாள்.

படைவீரர்களின் தற்கொலையைத் தடுக்க வேண்டும் என்று அந்த வருடம்தான் அரசு இவளைப் போன்றவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருந்தது. சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, ஆளைத் தனியே விடாதீர்கள், ஆலோசகருக்குப் போன் போடுங்கள் என்றார்கள். அங்கே போட்ட சாம்பார் மோசம் என்று மட்டும் திரும்பி வந்து சொன்னவள் இவள்.

அதிகாரி வெளியூரில். கலியபெருமாள் வாசல் பக்கம் திரும்பிவிட்டார்.

“சார், ஃபாரத்துல ஒரு தப்பு இருக்கு.”

மனிதருக்குச் சுருக்கென்றது. அவர் எழுத்தில் தப்பு என்று ஒருத்தரும் சொன்னதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டி, படிவத்தை வாங்கி முதல் வரியிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். அவள் உள்ளே ஓடிப் போன் போட்டாள். ஆலோசகர் வந்து சேர அரை மணி நேரமாகும். ஒரு பக்கப் படிவத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பார்?

ஐந்தே நிமிடம். “தப்பே இல்ல. ஏம்மா என்ன அலைக்கழிக்கிற?”

அவள் வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தேதியில் விரலை வைத்தாள்.

“நவம்பர் மூணுன்னு போட்டிருக்கீங்க. இன்னிக்கு ஆகஸ்ட் அஞ்சு.”

அடுத்துக் கேட்க வேண்டியது, அவள் வீட்டில் அபசகுனம் என்று வாயைப் பொத்திய சாவுப் பேச்சு. கேட்டால் திட்டுவார், எழுந்து போய்விடுவார், அப்புறம் பிடிக்க முடியாது. கேட்டேவிட்டாள்.

“சார், செத்துப் போயிடலாம்னு நெனக்கிறீங்களா?”

கண்ணாடியைக் கழற்றினார். மடக்கினார். மறுபடி விரித்தார்.

“ஆமாம்மா,” என்றார். “இத்தினி நாளா யாருமே கேக்கல.”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “அப்புறம் எதுக்கு சார் உயிரோட இருக்கேன்னு எழுதிக் குடுக்கறீங்க?”

படிவத்தை எடுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தார். “தெரியல,” என்றார்.

ஆலோசகர் வரும்வரை அவருடைய சட்டைக் கையை அவள் விடவில்லை. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு வாரம் ஒருமுறை ஆலோசகர் போனார். தினமும் காலையில் இவள் போன் போட்டு, நாய் சாப்பிட்டதா என்று கேட்பாள். நாயைத் திரும்ப வாங்கியிருந்தார்.

நவம்பர் மூன்றாம் தேதி, கதவு திறக்கும் முன்பே வந்து நின்றார். பத்திரப்படுத்திய படிவத்தை அவள் எடுத்து நீட்டினாள்.

“அது செல்லாது. புதுசு குடு.”

அவள் எதிரிலேயே எழுதினார். மாத்திரையின் வேலையோ என்னவோ, தேதி கோணிக்கொண்டது.

“தப்பு இருக்கான்னு பாரும்மா.”

பார்க்காமலே முத்திரை குத்தினாள்.