தசரதன் அவிழ்த்த காப்பு

படப்பைக்கு அப்பால் இருந்த கல்குவாரியில் பச்சையம்மாவும் அவள் புருஷன் தசரதனும் கொத்தடிமைகள். மாமனார் வாங்கிய கடனுக்குப் பேரப்பிள்ளையும் உழைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். 1970இல் ஏழு வயது மகளையும் ஜல்லி உடைக்க உட்கார வைத்தார்கள். மகளையும் மகனையும் எப்படியாவது வெளியேற்றிவிட வேண்டும் என்று பச்சையம்மா முடிவு கட்டினாள்.

குவாரி வாசலில் எப்போதும் காவலாட்கள். ஆடியில் அம்மனுக்குக் காப்புக் கட்டும் வாரம் மட்டும் ஒருவரும் இருக்கமாட்டார்கள். மஞ்சள் கயிறு கட்டிய கை, கூழ் ஊற்றி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டாது என்று முதலாளிக்கு அத்தனை நம்பிக்கை. பச்சையம்மாவை அவருக்குத் தெரியாது, பாவம்.

அந்த ஆடியில் நாலு பேரும் காப்புக் கட்டிக்கொண்டார்கள். பட்டப்பகலில், மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக, பச்சையம்மா புருஷன் பிள்ளைகளோடு எல்லைக் கல்வரை நடந்துவிட்டாள். காப்போடு எல்லை தாண்ட ஆத்தாளுக்குப் பயந்து, அங்கே தசரதன் நின்றுவிட்டான்.

"நீ புள்ளைங்கள இட்டுகினு போ. நாலு பேரு காப்பையும் நான் ஒருத்தனே இருந்து அவுக்கறேன். ஆத்தா என்னிய கேக்கட்டும்."

"அடிச்சே கொன்னுடுவாங்கய்யா."

அவன் மகன் தலையைத் தடவிவிட்டுத் திரும்பி நடந்தான்.

குரோம்பேட்டையில் சித்தாளாகச் செங்கல் சுமந்து பச்சையம்மா பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். ஒரு நாள், குவாரிப் பக்கத்து முனியம்மா சந்தையில் அவளைப் பார்த்துச் சொன்னாள். தோலை உரித்தும் தசரதன் வாயைத் திறக்கவில்லையாம். காப்பை மீறிய குற்றத்துக்கு மூவரையும் அம்மை கொண்டுபோய்விட்டது என்று சொல்லி, மொட்டை போட்டு, கருமாதியும் செய்துவிட்டானாம். முதலாளியும் நம்பித் தேடுவதை விட்டுவிட்டாராம். பச்சையம்மா சிலிர்த்துப்போனாள். ஆத்தாளுக்கு அப்படி நடுங்கியவன், அவள் பேரிலேயே பொய் சொல்லியிருக்கிறான்.

1976இல் கொத்தடிமை முறையை ஒழிக்கும் புதுச் சட்டத்தோடு தாசில்தார் குவாரிக்கு வந்தார். செய்தி கேட்டுப் பச்சையம்மாவும் ஓடினாள். தசரதன் எலும்பும் தோலுமாக வரிசையில் நின்றான். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து, யார் இவள் என்பதுபோல் பச்சையம்மாவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே நீ யாருக்கும் அடிமை இல்லப்பா. குடும்பத்துல யார் யார்?" என்று தாசில்தார் கேட்டார்.

"நான் அவரு சம்சாரம் சார். ரெண்டு புள்ளைங்க கீதுங்க" என்றாள் பச்சையம்மா.

தசரதன் அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு முதலாளியையும் அவர் பின்னால் நின்ற காவலாட்களையும் பார்த்தான்.

"இந்தம்மா யாருன்னே தெரியாது சார். எம் பொண்டாட்டி புள்ளைங்க செத்து ஆறு வருசமாவுது."