லொறியில் ஏறிய பிள்ளையார்

முறிகண்டிப் பிள்ளையார் என்னுடைய லொறியின் பின்பெட்டியில் ஏறி, நெல்மூட்டைகளுக்கு மேலே சப்பாணி கட்டிக்கொண்டு இருந்து, தும்பிக்கையால் மூச்சு விடுகிறார் என்று நான் நம்பினேன். சிரியுங்கோ. நானும் சிரித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அதுவும் ஆர் நம்பினது? ஆராவது பேய், முனி என்று கதை தொடங்கினால், "எனக்கும் ஒண்டைப் பிடிச்சுத் தாங்கோ, லொறிக்குக் கிளீனர் இல்லாமல் கஷ்டப்படுறன்" என்று பகிடி விட்டுக்கொண்டு திரிந்த நான்.

பொருளாதாரத் தடை இறுகிக் கிடந்த காலம். டோர்ச்சுக்குப் போடும் பற்றரியே வன்னிக்குள் வராதபோது லொறி பற்றரிக்கு எங்கே போவது? நான் ஓட்டியது கனகராயன்குளத்தில் நெல் மில் வைத்திருந்த முதலாளியின் பெரிய லொறி, காற்றுப் பிரேக். சண்டை மூளுவதற்குக் கொஞ்சம் முன்னர் கொழும்பில் புதிதாக எடுத்தது. நான் ஓட்டிய நாட்களில் அதற்கு மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்த ஒரு கசாயந்தான் சாப்பாடு. பற்றரி செத்துப்போனதால் எங்கே நிறுத்தினாலும் சரிவு பார்த்து, மூக்குக் கீழே போக நிறுத்த வேண்டும். ஹான்ட்பிரேக்கை இழுத்துவிட்டு முன்சில்லுக்கு ஒரு கட்டை போடுவோம். வெளிக்கிடும்போது கட்டையை எடுத்து உருளவிட்டு, கியரைப் போட்டுக் கிளச்சை விட்டால் எஞ்சின் இருமிக்கொண்டு பிடிக்கும். வன்னியோ தட்டை நிலம். குளக்கட்டுகள்தான் எங்களுக்கு ஸ்ராட்டர்.

அன்று ஸ்கந்தபுரத்துக்கு நெல் ஏற்றிக்கொண்டு போனேன். பக்கத்தில் மரியதாஸ். முல்லைத்தீவுக் கரைப்பக்கத்து ஆள், முன்பு வள்ளத்து எஞ்சின் திருத்தியவன், எண்ணெய்த் தட்டுப்பாட்டில் வள்ளங்கள் கரையில் ஏற, லொறிகளுக்கு வைத்தியம் பார்க்க வந்தவன். முறிகண்டியில் நிற்காமல், தேங்காய் உடைக்காமல் எந்த வாகனமும் போகாது. அது உங்களுக்கும் தெரியும். ஆனால் அங்கே றோட்டு தட்டை. நிறுத்தி எஞ்சின் செத்தால் பாரத்தோடு ஆர் தள்ளுவது? நான் ஸ்ரேறிங்கை விடாமல் ஒரு கையால் கும்பிட்டுவிட்டு நழுவிவிட்டேன்.

"பிள்ளையாருக்கே டாட்டா காட்டிப்போட்டு வாறாய் என்ன?" என்றான் மரியதாஸ்.

"வரேக்கை ரெண்டு தேங்காயா உடைக்கிறன். அவர் கோவிக்க மாட்டார், பெரிய மனுசன்."

அக்கராயன் றோட்டில் திரும்பி ஒரு மைல் தூரம் போயிருக்கமாட்டோம். முதுகுக்குப் பின்னால், கீழேயிருந்து, ஸ்ஸ்ஸ்... என்று ஒரு மூச்சு. மெல்லிய மூச்சில்லை, நல்ல வண்டி வயிற்றோடு ஒருவர் ஏறி இருந்து இளைக்கிற மாதிரி. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் நினைவு வந்தது தும்பிக்கைதான்.

"மரியதாஸ், பின்னாலை ஆரோ இருக்கினம்."

"காத்துப் போகுதடா."

"காத்து இல்லை. அவர்தான்."

"எவர்?"

மூக்குக்கு முன்னால் கையை நீட்டி ஆட்டிக் காட்டினேன். அவன் சிரித்த சிரிப்பில் லொறியே குலுங்கியது.

றோட்டு ஒரு குளக்கட்டில் ஏறி அடுத்த பக்கம் இறங்குகிற இடம் வந்தது. இறங்குகிற சரிவின் தலைப்பில் நிறுத்தி, ஹான்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் பாய்ந்தேன். எஞ்சின் பின்னால் தானாக இருமிச் செத்தது. நான் கியரிலும் விடவில்லை, கட்டையும் போடவில்லை. மூட்டைக்கு மேலே ஏறி, ஒருவருமில்லாத இடத்தைப் பார்த்து, "ஐயா, பிழைதான், அவசரம், இறங்கிக்கொள்ளுங்கோ" என்று தோப்புக்கரணம் போட்டேன். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு நெல்மூட்டைக்கு மேலே தோப்புக்கரணம். மூன்றாவதில் சறுக்கி விழுந்தேன். மூச்சு நிற்கவில்லை.

கீழே, சரிவு முடிந்து றோட்டு வளைகிற இடத்தில், ஒரு மருத மரத்தடியில் ஒரு குடும்பம் இருந்தது. மலைநாட்டிலிருந்து முன்பே வந்து துணுக்காய்ப் பக்கம் தோட்டம் செய்தவர்கள், இப்போது ஸ்கந்தபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறார்கள். பார்வதியக்கா, புருசன், மூன்று பிள்ளைகள், சட்டிபானை கட்டின ஒரு சைக்கிள். மூன்று கல் அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தில் கொதித்தது. லொறியின் மூக்கு நேரே அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தம்பி, எறங்கி வாங்க. சாயத்தண்ணி குடிச்சிட்டு அப்புறமா சாமி கும்பிடுங்க" என்று பார்வதியக்கா கூப்பிட்டார். மரியதாஸ் ஏற்கனவே போய் இருந்துவிட்டான். நானும் போனேன். கபினுக்குள் திரும்ப ஏறப் பயம், அதுதான் உண்மை. ஏழு பேரும் லொறிக்கு நேர் கீழே வட்டமாக இருந்து, பனங்கட்டி கடித்துத் தேத்தண்ணி குடித்தோம். கேத்தில் சிறிசு, இரண்டு தரம் கொதிக்கவைக்க வேண்டியிருந்தது. மேலே லொறி மூச்சு விட்டபடியே நின்றது.

"அது என்னா தம்பி, ஒங்க வண்டி இப்புடிப் பெருமூச்சு விடுது?"

"அதுக்கும் வீட்டுக் கவலை, அக்கா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு அவர்கள் சாமானைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டார்கள். நாங்களும் குளத்தில் முகம் கழுவ ஒதுங்கினோம். வளைவு தாண்டிப் போனவர்களில் சின்னப் பெட்டை மட்டும் திரும்பி ஓடிவந்தாள், கேத்தில் மூடியை விட்டுவிட்டாளாம். அடுப்படியில் குந்தி, சாம்பலுக்குள் தேடி, மூடியை எடுத்துப் பாவாடையில் துடைத்து, லொறியை ஒருக்கால் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஓடினாள். அவள் வளைவில் மறைந்தாள். மூச்சு நின்றது.

அந்த அமைதியில்தான் லொறி அசைந்தது. முதலில் சோம்பல் முறிக்கிற மாதிரி, பிறகு வேகமாக. நான் ஓடினேன். எங்கே என்று கேளுங்கோ, லொறிக்கு முன்னால்! மறிக்கப்போனேனா, வழிகாட்டப்போனேனா, இன்றும் தெரியாது. மரியதாஸ் பிடித்து இழுத்ததில் இடுப்பில் கட்டியிருந்த என்னுடைய சாரம் அவிழ்ந்து அவன் கையில் வந்தது. அடுப்புக் கல் மூன்றையும் மண்ணுக்குள் அழுத்திக்கொண்டு போய் லொறி மருத மரத்தில் இடித்து நின்றது. நான் சாரமில்லாமல் நின்றேன். ஊருக்கு நீண்டநாள் சிரிக்க அது போதுமாக இருந்தது.

இரண்டு மாதம் போக முதலாளிக்கு ஒரு கடிதம் வந்தது. மூன்று விலாசம் வெட்டி எழுதி, எங்கெங்கோ கிடந்து கசங்கி வந்த கடிதம். லொறி விற்ற கம்பனி அனுப்பியது. இந்த வகை லொறிகளின் பின்சில்லுப் பிரேக்கில் உள்ள ஸ்பிரிங் முறியக்கூடும், லொறியை உடனே பக்கத்திலுள்ள எங்கள் வேலைத்தளத்துக்குக் கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித்தருவோம், அதுவரை சரிவில் நிறுத்தவேண்டாம் என்று இருந்தது. பக்கத்து வேலைத்தளம் இரண்டு பக்கத்துப் பங்கருக்கும் மிதிவெடிக்கும் அந்தப் பக்கம்! முதலாளி வாசித்துவிட்டு, "ஓம், நாளைக்கே கொண்டுபோறம் எண்டு எழுதவோ?" என்று கேட்டார்.

மரத்தில் இடித்த நாளிலிருந்து மில் வளவில் சும்மா கிடந்த லொறியின் பிரேக்கை மரியதாஸ் கழற்றினான். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் துண்டு துண்டாகக் கிடந்தது. முறிந்த இடமெல்லாம் பழைய துரு. "முறிஞ்ச நுனி அண்டைக்குத்தான் உள்ளை இருக்கிற றப்பரைக் குத்தியிருக்கு. ஓடேக்கை அந்த ஓட்டையாலைதான் காத்துப் போயிருக்கு. உன்ரை பிள்ளையார் இதுதானடா" என்று துண்டைக் கையில் வைத்தான். எனக்கு வெட்கமும் நிம்மதியும். தும்பிக்கை போய்விட்டது.

ஆனால் அவன் சிரிக்கவில்லை. ஒரு பீடி பற்றவைத்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னான். ஹான்ட்பிரேக்கை இழுத்தால் ஸ்பிரிங் இருக்கிற அந்தப் பிரேக் பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒரே தரமாக வெளியே போய்விடும். பிறகு சில்லைப் பிடிப்பது ஸ்பிரிங் மட்டும். நிற்கிற லொறியில் அதற்குள் மூச்சுவிடக் காற்றே இல்லை.

"அப்ப இவ்வளவு நாளும் எப்பிடி நிண்டது?"

"கட்டையிலை நிண்டது. அண்டைக்குக் கட்டை போட்டனியோ?"

"இல்லை."

"கியரிலை விட்டனியோ?"

"இல்லை."

அவன் சிலுவை போட்டுக்கொண்டதை அன்றுதான் கண்டேன். இப்போது முறிகண்டியில் பஸ் நின்று ஸ்ஸ் என்று கதவு திறக்கும்போது எல்லாரும் கச்சான் கடலை வாங்க இறங்குவார்கள், நான் சீற்றைப் பிடித்தபடி ஒரு நிமிசம் இருப்பேன்.

ஸ்பிரிங் இரண்டும் முறிந்து கனகாலம். கட்டை இல்லை, கியர் இல்லை, எஞ்சின் செத்துக் கிடந்தது. நெல் பாரத்தோடு அந்த லொறி, கேத்தில் இரண்டு தரம் கொதித்து ஏழு பேர் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை சரிவில் நின்றது. மூடி எடுக்க வந்த பிள்ளை போனபிறகு உருண்டது.