குத்தூசி தோர்குன் வாங்கிய படகு

அந்தத் தீவில் சொந்தப் படகில்லாத வீடு தோர்குன்னுடையது ஒன்றுதான். தபால் வண்டி ஓட்டுகிறாள், நாற்பத்தாறு வயது. அவள் அப்பா கடை வைத்திருந்தவர். அலையைக் கண்டாலே வயிற்றைப் புரட்டும் அவருக்கு. அதனால் மீன் பிடிக்கவோ, அக்கரையில் ஒரு கல்யாணத்துக்கோ போக வேண்டுமென்றால், யார் படகிலாவது இடம் கேட்டு நிற்பதே அவள் பிழைப்பாகிவிட்டது. பெரும்பாலும் கூடப் படித்த ஸ்வெர்ரேயின் படகு. அவள் ஏறி உட்காரும்போதெல்லாம், "சரக்கு ஏத்தியாச்சு, கெளம்பலாம்" என்பான்.

அவளுக்கு வேண்டியது மரப்படகு. அதுவும் பழசு; பலகைமேல் பலகை ஏறி உட்கார, செப்பாணி அடித்துக் கட்டியது. தபால் போடப் போகிற இடத்திலெல்லாம் கொட்டகைக்குள் எட்டிப் பார்ப்பாள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு குத்தூசி. மேலே பூசிய சாயத்தை அவள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். குனிந்து அடிமரத்தைக் குத்துவாள், முன்முனையைக் குத்துவாள், இருக்கைப் பலகையின் அடியில் கைவிட்டு விலாமரங்களைத் தடவுவாள். ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் எழுந்து போய்விடுவாள். பல வருடம் இப்படியே போனது. "குத்தூசி வர்றா, படக மூடுங்கடா" என்று துறையில் சிரிப்பார்கள்.

அந்த ஜூனில், நடுக்கோடைச் சொக்கப்பனைக்குக் கரையில் விறகு குவியத் தொடங்கியது. பெட்டி, உடைந்த நாற்காலி, கட்டில். உச்சியில் வைக்க ஒரு பழைய படகு. அது எப்போதுமே வழக்கம். சொக்கப்பனைப் பொறுப்பு ஸ்வெர்ரேயிடம். இந்த வருடம் உச்சிக்குப் போகவிருந்தது கிழவர் ஆர்ன்ஃபின்னின் நாலு துடுப்புப் படகு. மகன்கள் நகரத்துக்குப் போன பிறகு அவர் கொட்டகையோரம் வானம் பார்த்துக் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை தபாலோடு போன தோர்குன், தபாலை மறந்து படகின் கீழே தவழ்ந்தாள். ஊசியை ஊன்றினாள். இறங்கவில்லை. இன்னோரிடம். இறங்கவில்லை. மழை தேங்கும் பின்முனையில்தான் முதலில் உளுக்கும். அங்கே ஒரு விரலகலம் மட்டும் மெத்தென்றிருந்தது. மற்றதெல்லாம் கல்.

"என்னம்மா, செத்துருச்சா?" என்றார் ஆர்ன்ஃபின்.

"உசிரோட இருக்கு. இத்தன வருஷம் மழையில கெடந்தும் எப்படி உளுக்காம இருக்கு?"

"எனக்கென்ன தெரியும். நான் அது பக்கமே போறதில்ல."

"எனக்குக் குடுங்க."

கிழவர் தாடையைச் சொறிந்தார். "ஸ்வெர்ரேகிட்ட வாக்குக் குடுத்துட்டேனே."

அந்தப் பக்கமாக வந்த ஸ்வெர்ரேயே தீர்ப்புச் சொன்னான். "பலகைக்கு நடுவுல வெளிச்சம் தெரியுது. இது மிதக்குமா? சனிக்கிழமை மத்தியானம் தண்ணியில நின்னா ஒனக்கு. முழுகினா எனக்கு. ஆனா ஒன்ன நம்பி உச்சிய காலியா வச்சிருக்கேன், ஞாபகம் வச்சுக்க."

"நின்னுச்சுன்னா வெல ஒண்ணுதான்," என்றார் ஆர்ன்ஃபின். "நண்டுக் கூண்ட இழுக்கப் போறப்ப என்னையும் ஏத்திக்கணும்."

காய்ந்து விலகிய பலகைகளை இறுக்க அங்கே ஒரே வழி, படகை வேண்டுமென்றே முழுக வைப்பது. தண்ணீர் குடித்து மரம் ஊதும். இடுக்குகள் தாமே மூடிக்கொள்ளும். தோர்குன் படகு நிறையக் கல்லேற்றி விரிகுடாவில் முழுக்கினாள். அன்றிலிருந்து தபால் வண்டி எந்த வீட்டுக்குப் போனாலும் துறை வழியாகத்தான் போனது. வண்டியை நிறுத்தி, தண்ணீருக்கடியில் மங்கலாகத் தெரியும் அந்த உருவத்தைப் பார்ப்பாள். மரம் ஊதுவது கண்ணுக்குத் தெரியுமா என்ன? அவளுக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை, கல்லையெல்லாம் எடுத்துவிட்டுப் படகை ஆழமில்லாத இடத்துக்கு இழுத்தாள். கடல் உள்வாங்கும் நேரம். கரைமணலில் தட்டியதும் படகு தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. அதைப் பார்த்து அவளுக்குப் பக்கென்றது. இறுகவே இல்லையோ?

மத்தியானம் நீர் ஏறியது. பாதி ஊர் துறையில். படகைச் சொக்கப்பனைக்கு இழுத்துப்போக ஸ்வெர்ரே தோளில் கயிற்றுச் சுருள். தோர்குன் படகில் ஏறி வாளியால் இறைத்தாள். தண்ணீர் குறைந்தது. நிறுத்தினாள். ஏறியது. மறுபடி இறைத்தாள். மறுபடி ஏறியது.

"கயித்த வீசட்டுமா?" என்றான் ஸ்வெர்ரே.

"வாய மூடு."

இடுக்கு இடுக்காகத் தடவினாள். பலகைகளுக்கு நடுவே ஒரு சொட்டுக்கூட வரவில்லை. எல்லாம் பல்லைக் கடித்ததுபோல் இறுகியிருந்தன. அப்புறம் இந்தத் தண்ணீர் எங்கிருந்து? காலடிப் பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு முழங்கை வரை கைவிட்டாள். பின்புறம், அடிமரத்தை ஒட்டி, ஒரு குளிர்ந்த பீச்சல். பெருவிரலை வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. தண்ணீர் நின்றது.

தோர்குன் சிரிக்கத் தொடங்கினாள். முட்டிபோட்டு, விரலை எடுக்க முடியாமல், கண்ணில் நீர் வர.

"பைத்தியம் பிடிச்சிருச்சு," என்றான் ஸ்வெர்ரே.

"ஆர்ன்ஃபின், இதோட அடைப்புக் கட்ட எங்க?"

படகைக் கரையேற்றினால் மழைநீர் வடிய, அடித்துளையின் அடைப்புக் கட்டையைப் பிடுங்கி வைப்பார்கள். குழந்தைக்கும் தெரிந்தது. ஊரிலுள்ள படகையெல்லாம் குத்திப் பார்த்தவள், வடிகால் துளையைப் பார்க்கவில்லை. படகைத் தாங்கிய மரத்துண்டு அதை மறைத்திருந்தது. இத்தனை வருடம் மழையை வடித்து மரத்தைக் காப்பாற்றியதும் அந்த ஓட்டைதான்.

கிழவர் தொப்பியைக் கழற்றினார். "அட, அத கொட்டக சன்னலுக்கு ஆப்பா வச்சேனே."

"போய் எடுத்துட்டு வாங்க. வெரலு மரத்துப் போகுது."

"இது செல்லாது," என்றான் ஸ்வெர்ரே. "படகு நிக்கணும்னுதான் பேச்சு. இவ வெரலு படகுல சேர்த்தியா?"

"கட்ட சேர்த்திதானடா," என்று யாரோ கத்தினார்கள். "அது இல்லாம ஒன் படகும்தான் முழுகும்."

ஆர்ன்ஃபின் அந்த வயதில் ஓடியதைத் தீவு அன்றுதான் பார்த்தது. கட்டை இறங்கியது. தோர்குன் மிச்சத்தை இறைத்துக் கொட்டிவிட்டு, கைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். படகு நின்றது. ஸ்வெர்ரே கயிற்றைக் கீழே போட்டான்.

சாயங்காலம் சொக்கப்பனையின் உச்சியில் அவன் வீட்டுச் சாய்வு நாற்காலி எரிந்தது. அதைத் தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் அழகு. தோர்குன் கரையோரமாகத் துடுப்புப் போட, முன்னால் ஆர்ன்ஃபின் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். கரையில் ஸ்வெர்ரே கையில் இரண்டு பீர் பாட்டிலோடு நின்றான்.

"ஏ, எடம் இருக்கா?"

தோர்குன் துடுப்பை நிறுத்தி, அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"சரக்கு ஏத்தலாம்," என்றாள். "அந்தப் பக்கம் உக்காரு. கட்டைய மிதிச்சிராத."